உலர்ந்த அட்டை

லாரியின் கியர் பாக்ஸை இறக்கிய அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். வண்டியின் சொந்தக்காரியும் முப்பத்தோரு வருடமாக அதை ஓட்டுபவளுமான ஆர்டிஸ் பிரெக்கே. அவளுடைய தம்பி கேலன். உதிரிபாகக் கடையில் இருபத்தாறு வருடம் நின்றுவிட்டு, ஆகஸ்டில் கடையை மூடியபோது வீட்டோடு வந்து சேர்ந்தவன். கேலனின் மனைவி கானி. நான்காவது ஆள் ரோசெண்டோ கார்சா. டெக்சஸின் தென்கோடியிலிருந்து வருடா வருடம் சர்க்கரை பீட் கிழங்குப் பருவத்துக்கு வந்து, ஆர்டிஸ் இறங்கியதும் அதே வண்டியில் ஏறி அடுத்த பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவர். வேறு யாரும் இல்லை. பக்கத்துப் பண்ணை லைல் ஒரு தடவை வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இன்ஜினை அணைக்கக்கூட இல்லை. உள்ளே வரவில்லை.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி அது. அக்டோபர் முதல் தேதி கிழங்கு எடுப்பு. இடையில் பன்னிரண்டு நாள்.

போன வருடம் கடைசி லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கிழங்கைக் குவிக்கும் களத்தின் வாசலில் சர்க்கரை ஆலைக்காரர்கள் ஆர்டிஸின் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைத் தள்ளினார்கள். இன்ஜின் ஓட, ஐந்து நிமிடம். அட்டையை வெளியே இழுத்தபோது அதில் நான்கு கறுப்புத் துளிகள் இருந்தன. மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். சர்க்கரைக்குப் போகும் கிழங்கு, உணவுப் பொருள். அடுத்த பருவத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும் வண்டி களத்துக்குள் வரக் கூடாது. அந்தச் சீட்டு வருடம் முழுவதும் ஆர்டிஸின் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கியது. கானி அதை இரண்டு தடவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள். ஆர்டிஸ் இரண்டு தடவையும் எடுத்து மறுபடி மாட்டினாள்.

வண்டி ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடியிருந்தது. கதவில் அவளுடைய அப்பா தோர்வால்ட் கையாலேயே எழுதிய பெயர், "தோ. பிரெக்கே", வெள்ளைப் பெயிண்டில் இன்னும் படிக்கும்படி இருந்தது.

கேலன் தரையில் மல்லாந்து கிடந்தான். கியர் பாக்ஸ் போன இடத்தில், இன்ஜினின் பின்முகம் எண்ணெய்ச் சேறு அப்பிக் கிடந்தது. கிராங்க் தண்டைச் சுற்றியிருந்த பழைய ஆயில் சீலைக் கொக்கி போட்டு இழுத்து எடுத்துவிட்டு, டார்ச்சை அடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"என்னடா, உள்ள ஏதாவது படம் ஓடுதா?" என்றாள் ஆர்டிஸ்.

"கைய உள்ள விடு. நகத்த வச்சுப் பாரு."

அவள் முழங்காலிட்டுக் கையை நீட்டினாள். கிராங்கின் வழுவழுப்பில் ஓரிடத்தில் நகம் இடறியது.

"சீல் இத்தன வருஷமா உரசி உரசிப் பள்ளம் பண்ணிருச்சு. புது சீல அதே எடத்துல போட்டா நாலே நாள்ல மறுபடியும் ஒழுகும். மேல ஒரு எஃகு வளையம் ஏத்தணும். அப்புறம் கையோட கையா ஆயில் சம்ப்பக் கழட்டிடலாம். சம்ப்பக் கழட்டுனா பேரிங்க பாக்காம விடறதா? பேரிங் மாத்தும்போது முன்பக்க கேஸ்கெட்டையும்..."

"டேய், நான் ஒழுகல நிறுத்தச் சொன்னேன். இன்ஜினுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லல."

ரோசெண்டோ வெளியே வராத ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "விடுங்க தோன்யா ஆர்டிஸ். டாக்டர் வயித்தத் தொறந்துட்டாரு. குடல எண்ணாம மூட மாட்டாரு." தோன்யா என்பது அவர் ஊரில் பெரியவளுக்குத் தரும் மரியாதை. முதல் வருடம் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று ஆர்டிஸ் சொன்னாள். பதினான்கு வருடமாகியும் அவர் விடவில்லை.

கேலன் குடலை எண்ணினான். சம்ப்பை இறக்கினான்; அதன் அடியில் கறுப்பு ஜெல்லி போல இரண்டு விரல்கடை கசடு இருந்தது. பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்து, எது எங்கே இருந்தது என்று பென்சிலால் எழுதினான். இரண்டில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. "பாத்தியா?" என்று அவற்றை ஆர்டிஸின் மூக்குக்கு நேரே நீட்டினான், தான் ஜெயித்துவிட்டவன் போல. இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்கள் கல்லாகி, தொட்டதும் உடைந்தன. வால்வு மூடியின் கேஸ்கெட்டை உளியால் சுரண்ட வேண்டியிருந்தது. ரோசெண்டோ ஒரு நாள் முழுக்க சுரண்டினார். மறுநாள் கேலன் பூதக்கண்ணாடியோடு வந்து, ஒரு மூலையில் நெல்மணி அளவு பழைய கேஸ்கெட் மிச்சமிருப்பதைக் காட்டினான்.

"டாக்டருக்குக் கண்ணு கெட்டுருச்சுன்னு நெனச்சேன். எனக்குத்தான் கெட்டுருக்கு," என்றார் ரோசெண்டோ. மறுபடியும் உளியை எடுத்தார்.

எஃகு வளையம் மூன்றாம் நாள் வந்தது. அளவு தப்பு. கேலன் கடைக்குப் போன் செய்தான். அவனுடைய பழைய கடை இல்லை, அது இப்போது இல்லை. பார்கோ நகரத்தில் இருக்கும் பெரிய கிடங்கு. ஒரு பெண் குரல் வண்டியின் வருடம், மாடல், எண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிட்டது. கேலன் போனைக் காதில் வைத்தபடி கொட்டகைக்குள் நடந்தான்.

"அந்தப் பாகத்தோட நம்பர் எனக்கு மனப்பாடம். இருபத்தாறு வருஷம் நான் வித்த சாமான். சொன்னா எழுதிக்க மாட்டேங்குறா. கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதத்தான் அனுப்புவாளாம்."

"என்ன சொல்லுதாம்?"

"இந்த இன்ஜினே இந்த வண்டியில வராதாம்."

ஆர்டிஸ் வண்டியைப் பார்த்தாள். இன்ஜின் வண்டியில்தான் இருந்தது. "அப்ப நாம எத ரிப்பேர் பண்ணிட்டிருக்கோம்?"

இரண்டாவது வளையமும் தப்பு. மூன்றாவதை வாங்க அவனே எழுபது மைல் ஓட்டிப் போய், கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஏறி, அலமாரியிலிருந்து தானே எடுத்து வந்தான். வளையத்தை அடித்து ஏற்றி முடித்தபோது இருபத்தைந்தாம் தேதி ஆகிவிட்டது.

புது சீல் காகித உறைக்குள் இருந்தது. அந்த வகை சீலுக்கு எண்ணெய் ஆகாது; உலர்ந்தபடியே ஏற்ற வேண்டும். உதடு என்கிற அதன் உள்விளிம்பில் ஒரு விரல் எண்ணெய் பட்டாலும் கிராங்கோடு ஒட்டிப் பழகாது, ஒழுகும். கேலன் இதை எல்லோருக்கும் இரண்டு முறை சொல்லியிருந்தான். கானி அப்போது உள்ளே இல்லை. அவள் சமையலறையிலிருந்து ஓட்ஸும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட பார்களைத் தட்டில் கொண்டுவந்தாள். தட்டை வைக்க இடமில்லை. பெஞ்சில் கிடந்த சீலை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"கானி!"

"என்ன?"

"கைய அப்படியே வை. அசையாத."

அவள் அசையவில்லை. கேலன் சீலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். உதட்டில் கட்டைவிரல் ரேகை, வெண்ணெயில், தெளிவாக.

"தொடச்சாப் போயிடும்ல," என்றாள் ஆர்டிஸ்.

"போகாது."

"போலீஸ்காரனாட்டம் ரேகையப் பாத்துட்டு நிக்காத. ஸ்பிரிட்ட ஊத்தித் தொடச்சிடு."

"போகாதுன்னா போகாது அக்கா. உள்ள ஏறியிருக்கும். நான் இதப் போட மாட்டேன். போட்டா நாளைக்கு வாசல்ல ஒழுகும், அப்ப ஊர் முழுக்க யாரச் சொல்லும்? கானியச் சொல்லுமா? பிரெக்கேன்னு சொல்லும்."

அது ஆர்டிஸ் சொல்லவேண்டிய வாக்கியம்.

"சும்மா ஒரு வாய் திங்க வச்சேன். அதுக்குப் போயி," என்றாள் கானி. கண் கலங்கியிருந்தது, தட்டை ரோசெண்டோவிடம் நீட்டினாள். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"நூத்தி நாப்பது மைல் போயிட்டு வர்ற பார் இது, கானி. மெதுவாத் தின்னணும்."

கேலன் மறுபடியும் பார்கோவுக்குப் போனான்.

இருபத்தெட்டாம் தேதி மாலை இன்ஜின் ஓடியது. முதல் பிடியில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் வெள்ளைப் புகை கக்கி, இருமி, பிறகு நின்று நிதானித்துத் தாளம் பிடித்தது. கேலன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். ரோசெண்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார்.

அடியில் அட்டையைப் போட்டார்கள். குளிர்பெட்டி வந்த பெரிய அட்டை. கேலன் அதைத் தட்டையாக வெட்டியிருந்தான். காலையில் இழுத்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. நாற்பது மைல் ஓட்டிவிட்டு வந்து மறுபடி போட்டார்கள். மறுநாள் காலையிலும் சுத்தம். கேலன் அட்டையின் மூலையில் பென்சிலால் தேதிகளை எழுதினான்.

முப்பதாம் தேதி மத்தியானம் கடன் வாங்கிய கியர் பாக்ஸ் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போது, கதவருகில் நின்று சொன்னான். "வண்டியக் கழுவாத."

"ஏன்?"

"ஒரு வாரத்துக்கு இன்ஜின் பக்கம் தண்ணியக் காட்டாத. தூசி படியட்டும். எங்கயாவது கசிஞ்சா தூசியில கோடு தெரியும். கழுவிட்டா ஒண்ணும் தெரியாது."

"சரி."

"சரின்னா?"

"சரிடா. போ."

அவன் போன பிறகு ஆர்டிஸ் வண்டியைச் சுற்றி வந்தாள். பன்னிரண்டு நாள் வேலையின் கைத்தடங்கள் சக்கரத்திலிருந்து கதவு வரை இருந்தன. வண்டியின் அடிச்சட்டங்களில் பழைய எண்ணெய்ச் சேறு அப்படியே. அப்பா காலத்திலிருந்து, பருவத்தின் முதல் லோடுக்கு ஒரு பிரெக்கே வண்டியும் கழுவாமல் களத்துக்குப் போனதில்லை. நாற்பத்தாறு வருடம். அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்த வருடம்கூட, அவர் நாற்காலியில் உட்கார்ந்து காட்டக் காட்ட அவள் கழுவினாள். அழுக்கு வண்டியை வாசலில் நிறுத்தினால், ஆலைக்காரர்கள் அடியில் குனியுமுன்பே முடிவு செய்துவிடுவார்கள்.

அவள் அழுத்தக் குழாயை இழுத்துவந்தாள். வெளியே மட்டும் கழுவுவதாகத்தான் எண்ணம். ஆனால் சட்டத்தில் ஒரு பக்கம் வெளுத்ததும் மறுபக்கம் கண்ணை உறுத்தியது. அடியில் படுத்துச் சட்டத்தின் உட்புறம் அடித்தாள். கியர் பாக்ஸின் மேல் தட்டு. இன்ஜினின் பின்முகம். கறுப்புத் தண்ணீர் கொட்டகைச் சாக்கடையில் ஓடி, பழுப்பாகி, கடைசியில் தெளிவாக ஓடியது. ரோசெண்டோ வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர் பாத்தா மயங்கி விழுவாரு."

"ஆபரேஷன் முடிஞ்சா நோயாளியக் குளிப்பாட்டி வீட்டுக்கு அனுப்பறதில்லையா?"

அவர் சிரித்தார். ஆனால் துணியை எடுத்துத் துடைக்க வரவில்லை. அது அவளுடைய வீட்டு வழக்கம் என்று அவருக்குத் தெரியும்.

அன்று இரவு வானம் தெளிவாக இருந்தது, உறைபனி இறங்கியது. கிழங்கின் உள்ளே இறங்கும் அளவுக்கு இல்லை, எடுப்பை நிறுத்தவில்லை. காலையில் கொட்டகைக் குழாயின் வாயில் ஒரு பனிக்கூர் தொங்கியது. ஆர்டிஸ் அட்டையை வெளியே இழுத்தாள். சுத்தம். கேலன் மூலையில் மூன்றாவது தேதியை எழுதினான். வண்டி பளபளத்ததைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நடந்தான்.

வயலில் அறுவடை இயந்திரத்தின் பக்கத்தில் ஓட்டி, லோடு ஏற்றிக்கொண்டு, பதினொரு மைல் தள்ளியிருந்த களத்துக்கு ஆர்டிஸ் போனாள். ரோசெண்டோ முதல் லோடு பார்க்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அதுவும் வழக்கம். வாசலில் பதினாறு வண்டி வரிசை. இன்ஜின் சூடாகி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், ஆலை அமர்த்திய பரிசோதனைக் கம்பெனியிலிருந்து வந்தவன், அட்டையைத் தள்ளினான். ஐந்து நிமிடம். அட்டையை இழுத்தான். கியர் பாக்ஸுக்கு நேர் கீழே ஈரம். மூன்று துளி. அழுக்கு நிறம்.

ஆர்டிஸ் இறங்கினாள். துளியில் விரலை வைத்தாள். விரல்களைத் தேய்த்தாள். வழுக்கவில்லை. மோந்தாள். நாக்கில் வைத்தாள்.

"தண்ணி தம்பி. நேத்துக் கழுவுனேன். சட்டத்துல தேங்கி உறைஞ்சிருக்கு. இப்ப இன்ஜின் சூட்டுல உருகுது."

"மேடம், அட்டையில ஈரம் இருந்தா நான் 'ஆம்'னு போடணும்."

"என்ன ஈரம்னு கேக்கலியா?"

"கேக்கல." அவன் கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினான். ஈரம்: ஆம், இல்லை. அவ்வளவுதான் இருந்தது. "ரேடியேட்டர் கூலன்ட்டா இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

"நக்கிப் பாரு. தெரியும்."

ரோசெண்டோ மேலிருந்து மெதுவாகச் சொன்னார். "இன்னும் ஒரு பத்து நிமிஷம் குடு தம்பி. சொட்டி முடிஞ்சிரும். மறுபடியும் அட்ட போட்டுப் பாரு."

"ஒரு வண்டிக்கு ஒரு தடவதான். ரிப்பேர் பண்ணீங்களா போன வருஷ சீட்டுக்கு?"

"பண்ணோம்."

"எந்த ஒர்க் ஷாப்?"

"வீட்டுல. என் தம்பி."

அவன் பலகையில் விரலை மேலும் கீழும் ஓட்டினான். ஓட்டிக்கொண்டே இருந்தான். "இதுல வீடுங்கறது இல்ல மேடம். லிஸ்ட்ல இருக்கற ஒர்க் ஷாப்லேர்ந்து ஒரு சர்ட்டிபிகேட் கொண்டாங்க. விட்டுடறேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் இருவராகத் தலைகளை வெளியே நீட்டினார்கள். நான்காவது வண்டியில் லைல் இருந்தார். பையன் சிவப்பு ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டினான். வேறு இடமில்லாதது போல, அப்பாவின் எழுத்தின் மேல்.

லோடை வேறொரு வண்டிக்கு மாற்றி ஏற்றினார்கள். லிஸ்ட்டில் இருந்த ஒர்க் ஷாப்கள் மூன்று. மிக அருகில் இருந்தது பதினாறாம் தேதிக்கு நேரம் தந்தது. எடுப்பு பதின்மூன்றாம் தேதி முடிந்துவிடும். அவள் லோடு ஏற்றிய வயலின் விவசாயி அன்று மத்தியானமே வேறு வண்டி பேசிவிட்டார். கோபமாகப் பேசவில்லை, "என்னால நிறுத்தி வைக்க முடியாது ஆர்டிஸ், உனக்கே தெரியும்," என்றார். அவளுக்குத் தெரியும்.

கொட்டகையில் கேலன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். சீல் உலர்ந்திருந்தது. சட்டத்தின் குழியில் விரல் விட்டான். விரல் நனைந்து வந்தது.

"அடியில கழுவுனியா?"

"கழுவுனேன்."

அவன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சீல் நல்லாத்தான் இருக்கு," என்றான் கடைசியில்.

"இருக்குன்னு எனக்கும் தெரியும்டா."

"இல்ல, சொல்லி வைக்கறேன்."

ரோசெண்டோ வண்டியிலிருந்து தன் சாமான்களை எடுத்தார்: முதுகுக்கு வைக்கும் மெத்தை, பிளாஸ்க், கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த மரச் சிலுவை. ஆயிரத்து அறுநூறு மைல் வந்திருந்தார். எல்லா வண்டிகளிலும் ஆள் நிரம்பியிருந்தது. களத்திலேயே நின்று செய்யும் வேலை ஒன்று மிச்சமிருந்தது. அதை ஆள் பிடித்துத் தரும் கம்பெனி கொடுத்தது.

"என் தப்பு ரோசெண்டோ," என்றாள் ஆர்டிஸ். அவள் வாயில் அந்த வாக்கியம் பழக்கமில்லாததால் கரகரத்தது.

"அழுக்கு வண்டியோட போயிருந்தா அழுக்குன்னு நிறுத்தியிருப்பான் தோன்யா. அவனுக்கு லிஸ்ட்ல நம்ம வீடு இல்ல. விடுங்க."

ஐந்தாம் நாள்தான் அவருடைய கையுறைகள் இருக்கைக்கு அடியில் கிடப்பதை அவள் பார்த்தாள். நல்ல தோல் கையுறைகள். சொந்தக் காரை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். வாசலில் வண்டிகள் ஊர்ந்தன. அட்டைகள் போய் வந்தன. உள்ளே, ஆலையின் குவிப்பு எந்திரம் வீட்டளவு உயரத்தில் நின்று, கிழங்கை வாரி வாரிக் குன்றின் மேல் எறிந்துகொண்டிருந்தது. அதன் நீண்ட கைக்கு அடியில், குழாய் இணையும் இடத்தில், கம்பி போட்டு ஒரு வாளி கட்டியிருந்தார்கள். எண்ணெய் நூலாக, விடாமல் வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று அடித்தபோது நூல் வளைந்து கிழங்கின் மேல் போனது.

ரோசெண்டோ வாளி நிறையும்வரை பக்கத்தில் நின்றார். நிறைந்ததும் கம்பியை அவிழ்த்து, பீப்பாயில் கொட்டிவிட்டு, மறுபடி கட்டினார். அதுதான் அவருடைய வேலை. கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. ஆர்டிஸ் கையுறைகளை நீட்டியபோது, அவர் தன் கைகளைப் பார்த்துவிட்டு, கையுறைகளை அக்குளில் செருகும்படி தோளைத் தூக்கிக் காட்டினார்.

ஊர்க்காரர்கள் கூடும் தானியக் கிடங்கின் காபி மேசையில், பிரெக்கே வீட்டில் வைத்துச் செய்த இன்ஜின் வேலை சொதப்பிவிட்டது, பருவத்தின் முதல் நாளே களத்து வாசலில் ஆயில் கொட்டியது, என் கண்ணால் பார்த்தேன் என்று லைல் சொல்கிறார்.

ஆயில் கொட்டவில்லை. அது தண்ணீர்.